தாத்தா அழுத்திப் பார்த்த நகம்

இடம் கிடைத்துவிட்டது. ஜூலை கடைசியில் வகுப்பு தொடங்குகிறது. கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன அறை பார்த்து முன்பணமும் கட்டியாயிற்று. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் போன நவம்பரில் நேர்காணல் அறையில் கேட்ட ஒரு கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு அது என்னை விடவே இல்லை. பஸ்ஸில் போகும்போது, சாப்பிடும்போது, தூக்கம் வராத ராத்திரிகளில் என்று கூடவே வந்தது. வகுப்புக்குப் போவதற்குள் அதை எழுதி இறக்கி வைத்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சேரப்போவது ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி. படித்து முடித்தால் பெயருக்குப் பின்னால் எம்.டி. என்று வராது, டி.ஓ. என்று வரும். இதைச் சொன்னதும் தூத்துக்குடியிலிருந்து பெரியப்பா, "ஆஸ்டியோன்னா எலும்புதானேம்மா, அப்ப எலும்பு டாக்டரா?" என்றார். அத்தைக்கு ஹோமியோபதி ஞாபகம் வந்துவிட்டது. கோவிலில் பார்த்த ஒருவர் பிசியோதெரபி என்றே முடிவு செய்துவிட்டார். யார் மேலும் தப்பில்லை. அமெரிக்காவில் முழு மருத்துவர் ஆவதற்கு இந்த இரண்டு பட்டங்களும் உண்டு. இரண்டுக்கும் நான்கு வருஷம். அதே உடற்கூறு, அதே மருந்தியல், அதே வார்டு. டி.ஓ. படிப்பவர்களுக்குக் கூடுதலாக 200 மணி நேரம் போல, கையாலேயே தசையையும் மூட்டையும் தொட்டுப் பார்த்துச் சிகிச்சை செய்யும் பயிற்சி இருக்கும். 2020 முதல், படிப்பு முடிந்தபின் ஆஸ்பத்திரியில் எடுக்கும் ரெசிடென்சி பயிற்சியும் இருவருக்கும் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. இன்று அமெரிக்காவில் மருத்துவம் படிப்பவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் டி.ஓ. கல்லூரியில்தான் படிக்கிறார். பிரிட்டனில் ஆஸ்டியோபத் என்றால் மருந்து எழுதாமல் கைச்சிகிச்சை மட்டும் செய்பவர். குழப்பத்தில் பாதி அங்கிருந்து வருகிறது.

அமெரிக்கர்களுக்கே இது சரியாகத் தெரியாது. 2020 அக்டோபரில் டிரம்புக்குக் கோவிட் வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று பேசிய வெள்ளை மாளிகை மருத்துவர் ஷான் கான்லி ஒரு டி.ஓ. இவர் நிஜ டாக்டர்தானா என்று அன்று இங்கே பலர் கேட்டார்கள். அதைவிட என்னை உறுத்தும் பழைய கதை கலிஃபோர்னியாவில் நடந்தது. 1962இல் அங்கே இருந்த டி.ஓ.க்களிடம் 65 டாலர் வாங்கிக்கொண்டு எம்.டி. பட்டம் கொடுத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்த ஆஸ்டியோபதி கல்லூரியே எம்.டி. கல்லூரியாக மாறியது. அதே வருஷம் நவம்பரில் புதிய டி.ஓ.க்களுக்கு உரிமம் தருவதையும் நிறுத்தினார்கள். 1974இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே மறுபடி கதவு திறந்தது. 65 டாலர் கொடுத்த அன்று காலையிலும் மாலையிலும் அந்த டாக்டருக்குத் தெரிந்த மருத்துவம் ஒன்றேதானே. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

5,300 எழுத்துக்குள் ஒரு தாத்தா

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் நான் டி.ஓ. கல்லூரி ஒன்றுக்குக்கூட விண்ணப்பிக்கவில்லை. 22 எம்.டி. கல்லூரிகளுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்தும் நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை. அடுத்த வருஷம் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வை மறுபடி எழுதி 503ஐ 508 ஆக்கினேன். அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஸ்க்ரைப் வேலை தொடர்ந்தது. டாக்டர் நோயாளியிடம் பேசப் பேச, பக்கத்தில் நின்று கணினியில் குறிப்பு தட்டுகிற வேலை. அப்புறம்தான் டி.ஓ. கல்லூரிகளையும் பட்டியலில் சேர்த்தேன். அந்தக் கதவு மூடியதால்தான் இந்தக் கதவைத் தட்டினேன் என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை. விண்ணப்பதாரர்களில் நிறையப் பேர் இப்படித்தான் வருகிறார்கள். வெளியே சொல்லத்தான் பயம்.

எம்.டி.க்கு ஆம்காஸ், டி.ஓ.க்கு ஏகோமாஸ் என்று தனித்தனி விண்ணப்பத் தளங்கள். ஏகோமாஸ் மே மாதம் திறக்கும். வர வரப் பார்த்து இடத்தை நிரப்பிக்கொண்டே போவதால் முந்துபவருக்கு லாபம். அதில் ஒரு கட்டுரை எழுத வேண்டும்: ஏன் மருத்துவம், 5,300 எழுத்துக்குள், இடைவெளியும் கணக்கு. அது போனதும் ஒவ்வொரு கல்லூரியும் தனிக் கட்டணத்தோடு தனிக் கேள்விகள் அனுப்பும். அதில் ஏறக்குறைய எல்லோரும் கேட்பது, "ஏன் ஆஸ்டியோபதி?" பல கல்லூரிகள் டி.ஓ. ஒருவரிடமிருந்து பரிந்துரைக் கடிதமும் எதிர்பார்க்கும். நான் அதற்காக 40 மைல் தள்ளி இருந்த ஒரு குடும்ப மருத்துவரிடம் சனிக்கிழமை தோறும் போய் நின்றேன்.

கடிதத்துக்காகப் போன இடம்தான். ஆனால் மூன்றாவது சனிக்கிழமை பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு அம்மாள், கழுத்து வலது பக்கம் திரும்பவில்லை என்று வந்தார். கண்ணாடி பார்த்து ஓட்ட முடியவில்லை. டாக்டர் முதலில் கையில் மரமரப்பு உண்டா, பலம் குறைந்ததா என்று எல்லாம் சோதித்தார். பிறகு அவரைப் படுக்க வைத்துத் தலையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டார். எதுவரை திரும்புகிறதோ அதுவரை திருப்பி, "என் கைக்கு எதிராக மெதுவாகத் தள்ளுங்கள்" என்றார். ஐந்து நொடி. "இப்போது விடுங்கள்." விட்டதும் கழுத்து இன்னும் கொஞ்சம் திரும்பியது. மறுபடி அதே மாதிரி. நாலாவது தடவை அந்த அம்மாள் ஜன்னலைப் பார்த்தார். ஒரு சொடக்குச் சத்தம் இல்லை, இழுப்பு இல்லை. ஏந்தியிருந்த கை அசையாமல் காத்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் காத்திருக்கும் கையை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

பார்த்தது கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில், அம்மா பிறந்த ஊரில். தாத்தா கட்டு வைத்தியர். கை கால் முறிந்தால் சுற்றி ஏழெட்டு ஊரிலிருந்து அவரிடம்தான் வருவார்கள். திண்ணையில் உட்கார வைத்து, காயத்திருமேனி எண்ணெய் தடவி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் எலும்பைத் தேடுவார். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றி, மேலே மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவார். பதின்மூன்று வயதில் அப்பாவின் வேலைக்காக நியூஜெர்சி வரும்வரை, லீவு நாளெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான். துணி கிழித்துக் கொடுப்பது என் வேலை.

அந்தத் தாத்தாவைத்தான் எழுதினேன். கண்ணை மூடி எலும்பைத் தேடும் விரல்கள், எண்ணெய் வாசனை, அழுதுகொண்டு வந்து சிரித்துக்கொண்டு போகும் பிள்ளைகள். அம்மா படித்துவிட்டு அழுதாள். கல்லூரியில் எனக்கு ஆலோசனை சொன்னவர் "இது போதும், இது வேலை செய்யும்" என்றார். வேலை செய்யவும் செய்தது: மூன்று டி.ஓ. கல்லூரிகள் கூப்பிட்டன. ஆனால் அனுப்பிய நாளிலிருந்தே மனசில் ஒரு முள். அந்தத் திண்ணையில் நடந்த எல்லாவற்றையும் நான் எழுதவில்லை.

மோட்டலில் ஒரு ராத்திரி

முதல் நேர்காணல் மத்திய மேற்கில் ஒரு சிறு ஊரில். நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்து, கறுப்பு கோட்டை மாட்டித் தொங்கவிட்டு, படுக்கையில் உட்கார்ந்து ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்லைப் பற்றி மறுபடி படித்தேன். ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் அவர். 1828இல் வர்ஜீனியாவில் பிறந்து கன்சாஸில் வைத்தியம் பார்த்தவர். 1864இல் மூளைக்காய்ச்சலில் மூன்று பிள்ளைகளைச் சில நாட்களுக்குள் பறிகொடுத்தார். தெரிந்த மருத்துவம் எதுவும் உதவவில்லை. பாதரசம் கலந்த காலமெல்லை மருந்தென்று கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மருந்தின் மேலேயே அவருக்கு நம்பிக்கை போனது. 1874இல் தன் வழியை அறிவித்தார். 1892இல் மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில் ஊரில் முதல் கல்லூரியைத் திறந்தார், அப்போதே பெண்களையும் சேர்த்துக்கொண்டார். அதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய் 'மின்னல் எலும்பு வைத்தியர்' என்று பெயர் எடுத்திருந்தார்.

அந்த வரிக்கு வந்ததும் எனக்குத் தாத்தாவின் முகம்தான். கட்டு வைத்தியர் ஒருவர் ஆரம்பித்ததா இத்தனை பெரிய கல்விமுறை என்று ஒரு நெருக்கம் வந்துவிட்டது. ஆனால் அதே ஸ்டில், பிள்ளையைப் பிடித்து உலுக்கிச் சிவப்புக் காய்ச்சலை நிறுத்துவேன், கழுத்தை ஒரு திருகு திருகிக் கக்குவான் இருமலை மூன்று நாளில் குணமாக்குவேன் என்ற ரீதியில் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. பெற்ற பிள்ளைகளைக் காய்ச்சலில் இழந்த மனிதர் இப்படி எழுதினாரே என்று இருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மருந்தியலைப் பாடத்தில் சேர்த்தார்கள், தடுப்பூசியை ஏற்றார்கள், ஆஸ்பத்திரிகள் கட்டினார்கள். நிறுவனரின் சொல்லைத் தாண்டிப் போகத் துணிந்ததால்தான் இன்று டி.ஓ. ஒரு மருத்துவர். கைச்சிகிச்சையையும் அவர்கள் சோதனைக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். 1999இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் ஆய்வில், முதுகுவலிக்குக் கைச்சிகிச்சை பெற்றவர்களுக்கும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் வலி ஒரே அளவில்தான் குறைந்தது. ஆனால் கைச்சிகிச்சை பெற்றவர்களுக்கு மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. எனக்கு இது பெரிய விஷயம். அதிசயம் என்று சொல்லாமல், இவ்வளவுதான் என்று அளந்து சொன்ன முடிவு. மண்டையோட்டு எலும்புகளை மெல்ல அசைத்து நோய் தீர்ப்பதாகச் சொல்லும் பிரிவுக்கு அப்படி நிற்கக்கூடிய ஆதாரம் இல்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டில் ஒரு இரண்டாம் ஆண்டு மாணவி அதை என்னிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

அன்று ராத்திரி "ஏன் டி.ஓ.?" என்பதற்கு நான் தயாரித்து வைத்திருந்த பதிலைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நோயை மட்டும் பார்க்காமல் மனிதனை முழுசாகப் பார்க்கும் மருத்துவம் என்று வரும். எல்லோரும் சொல்வது. அதைச் சொல்ல வாய் கூசியது. நான் வேலை பார்த்த அவசரப் பிரிவில் எம்.டி. ஒருவர், இறந்துபோனவரின் மனைவிக்குப் பக்கத்தில் தரையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மனிதனை முழுசாகப் பார்ப்பதை ஒரு பட்டத்துக்கு மட்டும் சொந்தமாக்குவது நியாயமே இல்லை.

அந்த அறை

காலையில் கைச்சிகிச்சைப் பயிற்சிக் கூடத்தைக் காட்டினார்கள். வரிசையாக நீல நிறச் சிகிச்சை மேசைகள். மாணவர்களே ஒருவருக்கொருவர் நோயாளி. ஒருவர் குப்புறப் படுத்திருக்க, இன்னொருவர் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாகக் கட்டை விரல்களை இறக்கிக்கொண்டே வந்தார். நின்று பார்க்க ஆசையாக இருந்தது, அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் உடலியங்கியல் கற்பிக்கும் பேராசிரியர். இன்னொருவர் வயதான பெண் மருத்துவர், டி.ஓ. அவர் கையில் என் கட்டுரை, அங்கங்கே பென்சில் கோடு. வழக்கமான கேள்விகள் போயின. எம்.டி.க்கும் அனுப்பியிருக்கிறாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன், முதல் வருஷக் கதையையும் சொன்னேன். பேராசிரியர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு அந்த அம்மாள் கட்டுரையை மேசையில் வைத்துவிட்டு, "உங்கள் தாத்தா கட்டிய கட்டு எதுவும் தவறிப்போனதில்லையா?" என்றார்.

குரலில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தோல்வியைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கதை ஒன்று தயாராக இருந்தது. அது வாயில் வரவில்லை. தாத்தா ஊரில் துணி தைக்கும் டெய்லர் வீட்டுப் பையனைச் சொன்னேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அவனுக்குப் பதினொன்று. புளியமரத்திலிருந்து விழுந்து முன்கை முறிந்து வந்தான். தாத்தா வழக்கம் போலக் கட்டினார். அன்று ராத்திரி அவன் வலியில் கத்தினான். முதல் ரெண்டு ராத்திரி அப்படித்தான் இருக்கும் என்று தாத்தா சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாள் அவன் அப்பா தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது விரல்கள் கருநீலமாக இருந்தன. துணியை அறுத்து எறிந்துவிட்டு, வாடகைக் காரில் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கை தப்பியது. விரல்கள் மட்டும் மடங்கியவை மடங்கியபடியே நின்றுவிட்டன. உள்ளே வீக்கம், வெளியே விடாத கட்டு, நடுவில் ரத்தம் போக வழியில்லாமல் தசை செத்துப்போயிருக்கிறது. அதற்கு ஒரு பெயர் உண்டு என்பதெல்லாம் பல வருஷம் கழித்து நான் படித்துத் தெரிந்துகொண்டது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதே இல்லை. நானும் பேசவில்லை. கட்டுரையில் அழுதுகொண்டு வந்து சிரித்துக்கொண்டு போன பிள்ளைகளைப் பற்றி எழுதினேன்.

அறையில் யாரும் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர், "அதற்குப் பிறகு அவர் கட்டுவதை நிறுத்தினாரா?" என்று கேட்டார். இல்லை, கட்டினார், ஆனால் வேறு மாதிரி என்று சொல்ல ஆரம்பித்தேன். இவ்வளவு இறுக்க மாட்டார், முதலில் விரலெல்லாம் வெளியே தெரிகிற மாதிரி விடுவார், கட்டி முடித்ததும் ஒவ்வொரு விரலாகப் பிடித்து இப்படி... என்று சொல்லிக்கொண்டே என் இடது கை நடுவிரல் நகத்தை வலது கட்டை விரலால் அழுத்தி விட்டேன். நகம் வெளுத்தது. மறுபடி சிவந்தது.

அங்கேயே பேச்சு நின்றுவிட்டது. கேப்பிலரி ரீஃபில், இரண்டு நொடிக்குள். இந்த ஸ்க்ரைப் வேலையில் அந்த வரியை எத்தனை நூறு தடவை தட்டியிருப்பேன்! விரல் நுனிக்கு ரத்தம் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் சோதனை. தாத்தா நாலு வருஷம் என் கண் முன்னால் செய்தது அதைத்தான். நகத்தை அழுத்துவது அவருக்கு ஒரு பழக்கம், சாமி கும்பிட்டுவிட்டுக் கட்டை அவிழ்ப்பது மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். தட்டும்போதும் ஒரு நாள்கூட அவர் ஞாபகம் வரவில்லை.

அந்த அம்மாளும் தன் நகத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, "இதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்றார்.

தெரியாது என்றேன். அதுதான் நிஜம். "தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்" என்று சொல்லி எழுந்து கை கொடுத்தார். ஏன் டி.ஓ. என்று கடைசிவரை அவர்கள் கேட்கவே இல்லை. இரண்டு வாரத்தில் இடம் கிடைத்ததாக மின்னஞ்சல் வந்தது.

அம்மா சொன்னது

அம்மாவிடம் கேட்க எனக்குப் பல மாதம் ஆனது. அவள் அழுத கட்டுரையில் நான் மறைத்ததை, முன்பின் தெரியாத இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதை எப்படி ஆரம்பிப்பது? தாத்தா இறந்தும் ஐந்து வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடகத்துக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று, "அம்மா, டெய்லர் வீட்டுப் பையன் விஷயத்துக்கு அப்புறம் தாத்தா நகத்தை அழுத்திப் பார்ப்பாங்களே, அது யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன்.

கரண்டி நின்றது. கொஞ்ச நேரம் மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமோ என்று பயந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பையன் ஆஸ்பத்திரில இருந்த பதினெட்டு நாளும் தாத்தா வீட்டுக்கு வரலட்டி. வார்டுக்கு வெளிய வராண்டாலயே கெடந்தாவ. அவன் அம்மா வைய வைய வாங்கிக்கிட்டு. ஒரு பெரிய டாக்டர் வந்து, போலீஸ்ல சொல்லுவேன்னு சத்தம் போட்டிருக்காரு. தாத்தா, சொல்லுங்கய்யான்னு சொன்னாவளாம். அங்க படிச்சு முடிச்சு வேலை பழகிட்டிருந்த பொண்ணு ஒண்ணு, ராத்திரி டூட்டி. ஒம் வயசுதான் இருக்கும். அந்தப் பிள்ளைதான் ஒரு நாள் டீ வாங்கிக் குடுத்து, பக்கத்துல உக்காந்து, தாத்தா கையப் பிடிச்சு நகத்த அழுத்திக் காட்டியிருக்கு. அய்யா, கட்டுனதும் இத அழுத்துங்க. செவப்பு ஒடனே வரலன்னா கட்ட அவுத்துருங்க, யாரு என்ன சொன்னாலும் அவுத்துட்டு இங்க கூட்டிட்டு வந்துருங்க, நான் இருக்கேன்னு சொல்லியிருக்கு."

அதற்குப் பிறகு தாத்தா கட்டுப் போட்ட யாரையும் உடனே வீட்டுக்கு அனுப்ப மாட்டாராம். இரண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார வைப்பார், அரை மணிக்கு ஒரு தடவை வந்து நகம் பார்ப்பார். உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆச்சி மோர் கொடுத்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. எதற்கு அத்தனை பேர் அங்கே காத்துக்கிடந்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. சந்தேகப்பட்ட முறிவுகளை அவரே கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறியிருக்கிறார். எலும்பு வெளியே தெரிந்தாலோ, முழங்கைக்குப் பக்கத்தில் என்றாலோ, சின்னப் பிள்ளை என்றாலோ கையே வைக்க மாட்டாராம். டெய்லர் வீட்டுக்கு அவர் சாகும்வரை ஒவ்வொரு அறுவடைக்கும் ஒரு மூட்டை நெல் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பையன் இப்போது அம்பாசமுத்திரத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறான், இடது கையால் எழுதுகிறான்.

"அந்த டாக்டர் பேர் என்னம்மா?" என்று கேட்டேன். கல்லூரி தொடங்கியதும் நேர்காணலில் கேட்ட அந்த அம்மாளுக்கு எழுத வேண்டும், பதிலில் ஒரு பெயர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"பேரெல்லாம் தெரியாதுட்டி. தாத்தா டாக்டரம்மான்னுதான் சொல்லுவாவ. ரெண்டு மூணு வருஷம் பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சளும் கட்டி எடுத்துட்டுப் போனாவ. அப்புறம் ஒரு தடவ போனப்போ அந்தப் பிள்ளை அங்க இல்லைன்னு திருப்பிக் கொண்டுவந்துட்டாவ. அந்தக் கரும்பத்தான் நீயும் உன் தம்பியும் திண்ணைல உக்காந்து தின்னீங்க."